பகல் பன்னிரண்டுக்குள்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில்
கண்டக்டர் என்னைப் பார்த்து யோசிக்கிறார்.
பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ்.
என் தலை மொட்டை, உடம்பில் துவராடை.
"சாமி எங்க போகணும்?"
மாரண்டஅள்ளி என்ற என் குரலில்
அவருக்கு விடை கிடைத்துவிட்டது.
காசில்லாச் சீட்டைக் கிழித்துத் தருகிறார்
மன்னிப்புக் கேட்பதுபோல.
பக்கத்தில் இருப்பவள் மெல்லக் கேட்கிறாள்:
திருப்பதியா, பழனியா?
பின்சீட்டுக்காரி அவளை அதட்டுகிறாள்:
சும்மா இருடி, அது கேன்சர் மொட்டை.
இறங்கும்போது என் மடியில்
யாரோ வைத்த கொய்யாப்பழம்.

ஓசூர் கம்பெனியில் ஆறு வருடம்
கடிகாரத்துக்கு முள் பொருத்தினேன்.
இரண்டு முள்ளும் பன்னிரண்டில்
ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்க வேண்டும்.
மயிரிழை விலகினால் சூப்பர்வைசர் வருவார்.
அப்போது நான் அஞ்சுகம்.
ஆதார் அட்டையில் இன்னும் அஞ்சுகம்தான்,
இடுப்புவரை சடையோடு.
ரேஷன் கடைக்காரர் முகத்தை நம்புவதில்லை.
கட்டைவிரலை நம்புகிறார்.

விகாரை என்று சொல்கிறோம்.
கல்குவாரிக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை.
வெடி வைக்கும்போதெல்லாம்
புத்தர் ஒரு விரற்கடை நகர்கிறார்.
மாலையில் திருப்பி வைக்கிறோம்.

பகல் பன்னிரண்டு தாண்டினால்
சோறு தொடக்கூடாது.
ஒன்பது மணிக்குப் பாத்திரத்தோடு
காலனிக்குப் போனால் எல்லாக் கதவிலும் பூட்டு.
நூறுநாள் வேலைக்கு, தக்காளி மண்டிக்கு,
கம்பெனி வேனுக்கு.
இங்கே அடுப்பு மூள்வது பொழுது சாய்ந்தபின்.
ஏழு மணிக்குத் தெருவெல்லாம் களி கிண்டும் வாசனை.
விதி வகுத்தவர்கள்
காலையில் உலை கொதிக்கும் வீடுகளைத்தான்
பார்த்திருந்தார்கள் போலும்.

பெரிய தெருவில் காலையிலேயே சமைக்கிறார்கள்.
அங்கும் போய் நின்றேன்.
"நீ சின்னப்பையன் மகதான?"
இல்லையென்று விரட்டவில்லை. சோறு போட்டாள்.
கரண்டியை ஒரு முழம் உயரத்தில் பிடித்து.
என் அப்பாவின் கைக்குழியில்
டீ விழுந்த உயரம் அது.
நான் உடை மாற்றியிருந்தேன், பெயர் மாற்றியிருந்தேன்.
உயரம் அப்படியே இருந்தது.

வைகாசிப் பௌர்ணமிக்கு ஒரு பிக்கு வந்தார்.
வயது இருபத்திரண்டு. துறவேற்று ஒன்பது நாள்.
நான் ஒன்பது வருடம்.
விழுந்து வணங்க வேண்டியவள் நான்.
பையனுக்கும் கூச்சம், காலை உள்ளிழுத்துக்கொண்டான்.
நெற்றி சிமெண்டில் பட்டபோது
எனக்குக் கரண்டிதான் ஞாபகம் வந்தது.
பிறகு நோட்டைத் திறந்து மெதுவாகச் சொன்னார்:
"எங்க பதிவேட்டுல பிக்குனிக்குக் கட்டம் இல்ல.
உங்களை என்னன்னு எழுத?"
விசாகா பாத்திரம் துலக்கியபடி சொன்னாள்,
"சமைச்சவங்கன்னு எழுதுங்க பந்தே."

விசாகாவுக்குச் சர்க்கரை. முந்நூற்றுப் பன்னிரண்டு.
தர்மபுரி ஜி.எச்.சில் டாக்டர் சின்னப் பெண்.
"நைட்டு ஊசி போட்டா கண்டிப்பா சாப்பிடணும்.
இல்லன்னா தூக்கத்துலயே போயிடுவீங்க."
பொழுது திரும்பியபின் மருந்தாக
அனுமதித்தவை ஐந்து என்றோம்:
நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம்.
அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.
சர்க்கரைக்காரிக்கா?
முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை.
வெளியே வரிசை எட்டிப் பார்த்தது.

அன்று இரவு ஏழரைக்கு மாதம்மாள் வந்தாள்.
மண்டியிலிருந்து நேராக,
சேலை முந்தியில் தக்காளிச் சாறு காய்ந்து.
கையில் களியும் கீரைக்கடைசலும்.
"காலைல நான் வூட்ல இல்ல. இப்பத்தான் இருக்கேன்."
விசாகா என்னைப் பார்த்தாள்.
நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் ஒவ்வொரு விள்ளலாக விழுங்கினாள்,
திருடுகிறவள்போல, பிறகு
பசித்தவள்போல.

மறுநாளும் வந்தாள்.
மூன்றாம் நாள் தூக்கில் இரண்டு உருண்டை.
நாளைக்கென்று எடுத்துவைக்கவும் கூடாது,
அதற்கும் ஒரு விதி.
எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது.
அது தின்றது என்று
யாராவது கேட்டால் சொல்லலாம்.